பழைய இங்கிலாந்து கிளப் ஜெர்சி வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்து கால்பந்து கிளப்களின் பழைய ஜெர்சிகளைப் பற்றி பிரிட்டனில் இருக்கும் வாசகர்கள் தொடர்ந்து எழுதுகிறார்கள். சின்ன வயதில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததை, இப்போது சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்க ஆசைப்படுகிறவர்கள்தான் அதிகம். அந்த ஆசையைத் தெரிந்துகொண்டுதான் போலி விற்கிறவர்களும் கடை விரிக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அர்செனல் 1991-93 சீசன்களில் போட்ட மஞ்சள் அவே ஜெர்சி (வெளி மைதான ஆட்டங்களில் போடுவது), "ஒரிஜினல், புத்தம் புதுசு, டேக் உண்டு, எல்லா சைஸும் கிடைக்கும்" என்று ஆன்லைனில் 45 பவுண்டுக்கு வந்திருக்கிறது. படத்தில் அப்படியே இருக்கிறது. நம்பி வாங்கலாமா? (லெஸ்டர் வாசகர்)

பதில்: வேண்டாம். முப்பது வருடத்துக்கு முந்தைய ஜெர்சி ஒரே ஆளிடம் எல்லா சைஸிலும் டேக்கோடு இருக்க வழியே இல்லை. ரசிகர்கள் "ப்ரூஸ்டு பனானா" (அடிபட்ட வாழைப்பழம்) என்று செல்லமாகக் கூப்பிடும் இந்த ஜெர்சி, சேகரிப்பவர்கள் எல்லோரும் தேடுகிற ஒன்று. நல்ல நிலையில் உள்ள அசல் சில நூறு பவுண்டுக்குக் கைமாறுகிறது. 45 பவுண்டுக்கு அது கிடைக்காது.

"ஒரிஜினல்" என்ற சொல்லை விற்பவர்கள் இஷ்டத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். சந்தையில் உண்மையில் மூன்று வகை உண்டு. முதலாவது, அந்த சீசனிலேயே தயாராகி அந்த சீசனிலேயே கடையில் விற்றது. அசல் என்றால் இதுதான். இரண்டாவது, கிளப்பின் அனுமதியோடு பின்னால் தயாரித்த மறுபதிப்பு. ஸ்கோர் ட்ரா, டாஃப்ஸ் போன்ற நிறுவனங்கள் இதை வெளிப்படையாகச் செய்கின்றன, லேபிளிலும் அவர்கள் பெயர் இருக்கும். போட்டுக்கொண்டு மேட்ச் பார்க்கப் போக இது தாராளமாகப் போதும், இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மூன்றாவது போலி. இது தவிர, பழைய டிசைனை நினைவூட்டும் புது ஜெர்சிகளும் வரும். அடிடாஸ் 2019-20ல் அர்செனலுக்குத் தந்த மஞ்சள் அவே ஜெர்சி அப்படிப்பட்டது. அதன் மார்பில் ஸ்பான்சராக எமிரேட்ஸ் பெயர் இருக்கும், 1991ன் ஜெர்சியில் ஜேவிசி இருக்கும்.

அசலா என்று பார்க்க மூன்று படம் கேளுங்கள்: கழுத்து லேபிள், உள்பக்கம் தைத்திருக்கும் துவைக்கும் குறிப்பு லேபிள், ஜெர்சியை உள்வெளியாகத் திருப்பி கிளப் சின்னத்தின் பின்பக்கம். மூன்றாவது படத்தைத்தான் போலி விற்கிறவர் அனுப்பத் தயங்குவார். எம்பிராய்டரி சின்னம் என்றால், பின்னால் நூல் ஒழுங்காக முடிந்திருக்கிறதா, ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு நூல் தாறுமாறாக ஓடுகிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

அடுத்தது துணி. எண்பதுகளின் பின்பாதியிலும் தொண்ணூறுகளிலும் பல ஜெர்சிகளில் நிழல் மாதிரி ஒரு டிசைன் துணிக்குள்ளேயே இருக்கும். அசலில் அது நெசவிலேயே வந்தது. வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும், நேரே பிடித்தால் மங்கும், உள்பக்கம் பார்த்தாலும் தடம் இருக்கும். மலிவான போலியில் அதை மேலே அச்சடித்திருப்பார்கள், எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி இருக்கும். விற்பவரிடம் ஜன்னல் ஓரமாகச் சாய்த்துப் பிடித்து ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

2000க்குப் பிறகு வந்த நைக்கி, அடிடாஸ் ஜெர்சிகளில் இன்னொரு வசதி உண்டு. உள்ளே சின்ன லேபிளில் தயாரிப்பு எண் இருக்கும். அதை அப்படியே இணையத்தில் தேடுங்கள். வேறு ஜெர்சியோ ஷூவோ வந்தால் பேச்சே இல்லை, போலி. சரியான ஜெர்சியே வந்தாலும் அது முடிவான சாட்சி ஆகாது, ஏனென்றால் எண்ணையும் சேர்த்தே காப்பி அடிக்கிறார்கள். 1991 ஜெர்சிக்கு இந்த வழி உதவாது. அங்கே லேபிள், துணி, தையல் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பெரியப்பா எண்பதுகளில் லண்டனுக்குப் படிக்க வந்தவர். அவர் பெட்டியில் ஒரு சிவப்பு லிவர்பூல் ஜெர்சி இருந்தது. தயாரிப்பாளரான அம்ப்ரோவின் சின்னம் இருக்கிறது, ஆனால் ஸ்பான்சர் பெயரே இல்லை. போலி என்கிறான் என் மகன். அப்படியா? (டூட்டிங் வாசகி)

பதில்: ஸ்பான்சர் இல்லை என்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் பெரிய கிளப்களில் முதலில் ஸ்பான்சர் பெயரை மார்பில் போட்டது லிவர்பூல்தான், 1979ல், ஹிட்டாச்சி. ஆனால் டிவியில் காட்டும் ஆட்டங்களில் ஸ்பான்சர் பெயர் கூடாது என்ற தடை 1983 வரை இருந்தது. ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டங்களிலும் அனுமதி இல்லை. 1981ல் பாரிஸில் ரியல் மாட்ரிடை வென்றபோது லிவர்பூல் வீரர்களின் மார்பில் ஹிட்டாச்சி கிடையாது. ஆக, வெறும் மார்போடு ஒரு அம்ப்ரோ ஜெர்சி இருப்பது அந்தக் காலத்துக்குப் பொருந்துகிற விஷயம்தான்.

உங்கள் மகனுக்கு இந்த வரிசையைச் சொல்லிக் கொடுங்கள், எந்த லிவர்பூல் ஜெர்சிக்கும் உதவும். ஹிட்டாச்சி 1982 வரை, பிறகு 1988 வரை கிரவுன் பெயின்ட்ஸ், 1992 வரை கேண்டி, அதற்கப்புறம் 2010 வரை கார்ல்ஸ்பெர்க். தயாரிப்பாளர் 1985 வரை அம்ப்ரோ, 1985 முதல் 1996 வரை அடிடாஸ், பிறகு பத்து வருடம் ரீபாக். அடிடாஸும் ஹிட்டாச்சியும் ஒரே ஜெர்சியில் இருந்தால் அப்படி ஒன்று வந்ததே இல்லை என்று அர்த்தம். கிளப் சின்னத்திலும் காலம் தெரியும்: லிவர்பூல் மைதானத்தின் வாசலான ஷாங்க்லி கேட்டின் வடிவம் கிளப்பின் 1992 நூற்றாண்டு விழாவில் சேர்ந்தது, இரண்டு பக்கத் தீச்சுடர்கள் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் இறந்த ரசிகர்களின் நினைவாக 1993ல் சேர்ந்தன. தீச்சுடர் உள்ள சின்னத்தோடு "1980களின் அசல்" என்று யாராவது விற்றால் பதிலே சொல்ல வேண்டாம்.

பெரியப்பாவின் ஜெர்சி லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். அவர் அதைப் போட்டுக்கொண்டு எடுத்த பழைய போட்டோ ஏதும் இருந்தால் தேடிச் சேர்த்து வையுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ளவும் சரி, பின்னால் விற்கவும் சரி, அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

கேள்வி: 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட் போட்ட ஜெர்சி என்று ஒருவர் விற்கிறார். கழுத்தில் ஜிப் இருக்கிறது, பின்னால் பெக்காம் 7. (ஹாரோ வாசகர்)

பதில்: ஜிப் வைத்த காலர் 1998-2000ன் உள்நாட்டு ஆட்ட ஜெர்சி. பார்சிலோனாவில் மே 26 அன்று ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கிளப்பை 2-1 என்று வென்றபோது போட்டது ஐரோப்பிய ஆட்டங்களுக்கான தனி ஜெர்சி, அதில் ஜிப் கிடையாது. நாலு நாள் முன்னால் எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்தில் போட்டதுதான் ஜிப் ஜெர்சி. விற்பவர் தெரியாமலும் சொல்லியிருக்கலாம், இந்தக் குழப்பம் ரொம்பச் சாதாரணம். ஜெர்சி அசலாகவே இருக்கலாம். ஆனால் இறுதி ஆட்டத்தின் பெயரைச் சொல்லிக் கூட்டிய விலையைக் கொடுக்காதீர்கள்.

பெயர், எண் விஷயத்திலும் கவனம் வேண்டும். லீக் ஆட்டங்களில் வீரரின் பெயரும் நிரந்தர எண்ணும் 1993-94 சீசனில்தான் வந்தன. 1997ல் பிரீமியர் லீக் எல்லா கிளப்புக்கும் ஒரே எழுத்து வடிவம் கொண்டுவந்தது. அது 2007, 2017, 2023ல் மாறியது. 2003 ஜெர்சியில் 2010ன் எழுத்து வடிவம் இருந்தால் பெயரைப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். சேகரிப்பவர்களில் பலர் அப்படிப்பட்டதைவிடப் பெயரே இல்லாத ஜெர்சியைத்தான் விரும்புகிறார்கள். நானும் அதையே சொல்வேன்.

கேள்வி: ஒரு செயலியில் தனிநபர் ஒருவரிடம் 120 பவுண்டுக்கு நியூகாசில் 1995-97 ஜெர்சி வாங்கினேன். வந்ததைப் பார்த்தால் போலி. "நான் கடைக்காரன் இல்லை, ரிட்டர்ன் எடுக்க மாட்டேன்" என்கிறார். பணம் போனதுதானா? (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

பதில்: இல்லை, ஆனால் இன்றே வேலையைத் தொடங்குங்கள். தனிநபர் விற்றாலும் பொருள் அவர் எழுதிய விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது பிரிட்டிஷ் சட்டம். "அசல்" என்று எழுதிவிட்டுப் போலியை அனுப்பியவர், ரிட்டர்ன் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. விளம்பரம், படங்கள், உரையாடல் எல்லாவற்றையும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சிலர் புகார் வந்ததும் விளம்பரத்தை அழித்துவிடுவார்கள்.

அப்புறம் கெடு. வின்டெட் என்றால் பொருள் வந்து இரண்டே நாளுக்குள் செயலியிலேயே பிரச்சினையைப் பதிவு செய்ய வேண்டும். அது தாண்டினால் பணம் விற்பவர் கைக்குப் போய்விடும். ஈபே என்றால் 30 நாள். பேபாலில் பொருளுக்கான கட்டணமாகச் செலுத்தியிருந்தால் 180 நாள் வரை முறையிடலாம். "நண்பர்கள், குடும்பம்" என்ற வகையில் அனுப்பியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. விற்பவர்கள் "ஃபீஸ் மிச்சமாகும்" என்று சொல்லி அந்த வழியில் அனுப்பச் சொல்வது இதனால்தான். அப்படிக் கேட்ட உடனே விலகிவிடுங்கள். டெபிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேளுங்கள்.

இதே ஜெர்சியைத் தொழிலாக விற்பவரிடம் வாங்கியிருந்தால் உங்கள் கை இன்னும் ஓங்கியிருக்கும். 2015ன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்னதற்குப் பொருந்தாத பொருளை 30 நாளுக்குள் திருப்பி முழுப் பணம் கேட்கலாம். ஆன்லைனில் வாங்கியதென்றால், காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் ரத்து செய்யவும் முடியும். 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு கிரெடிட் கார்டில் வியாபாரியிடம் நேரடியாகக் கட்டியிருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75வது பிரிவின் கீழ் கார்டு நிறுவனமும் பொறுப்பு. இடையில் வேறொரு நிறுவனத்தின் வழியாகப் பணம் போனால் இந்தப் பிரிவு பொருந்தாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணம் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், அந்த ஜெர்சியை இன்னொருவருக்கு விற்றுவிடாதீர்கள். போலி என்று தெரிந்து விற்பது குற்றம், உங்களைப் போலவே இன்னொருவரும் ஏமாறுவார். சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னால் வியாபார மோசடிகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குத் தகவல் போகும்.

கேள்வி: "மேட்ச்சில் வீரர் போட்டது, சான்றிதழ் உண்டு" என்று 600 பவுண்டு சொல்கிறார்கள். (கிராய்டன் வாசகர்)

பதில்: விற்பவரே அச்சடித்த சான்றிதழுக்கு மதிப்பு எதுவும் இல்லை. எந்த ஆட்டம், எந்தப் பாதி, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று கேளுங்கள். அந்த ஆட்டத்தின் நல்ல புகைப்படத்தோடு தையல், சின்னம் ஒட்டிய கோணம், கோடுகள் வெட்டுப்படும் இடம் இதெல்லாம் ஒத்துப்போக வேண்டும். நம்பகமான வழி வேண்டுமென்றால் நவம்பர் மாதம் பாப்பி பூ வைத்த ஜெர்சிகளை படைவீரர்களுக்கு உதவும் ராயல் பிரிட்டிஷ் லீஜியன் அறக்கட்டளைக்காக ஏலம் விடுவார்கள், அதைக் கவனியுங்கள். முதல் ஜெர்சியாகவே இதை வாங்க நினைக்கிறீர்கள் என்றால், வேண்டாம் என்பேன்.

கேள்வி: கையில் அதிகம் காசில்லை. எங்கே தொடங்கலாம்? (கார்டிஃப் மாணவர்)

பதில்: புகழ்பெற்ற ஜெர்சிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கோவென்ட்ரி 1978ல் போட்ட, அட்மிரல் நிறுவனத்தின் பழுப்பு ஜெர்சி, ஹல் சிட்டியின் 1992 புலி வரி, 1993 அக்டோபரில் நார்விச் மியூனிக்கிலேயே பயர்னை வென்றபோது போட்ட மஞ்சள் பச்சை, இவற்றுக்கெல்லாம் போட்டி அதிகம். அட்மிரல் 1973ல் லீட்ஸுடன் ஒப்பந்தம் போட்டு ரசிகர்களுக்கு விற்கத் தொடங்கியதிலிருந்துதான் இந்தச் சந்தையே பிறந்தது என்பதால், எழுபதுகளின் அசல் ஜெர்சி எந்த கிளப்புடையதானாலும் குறைவாகத்தான் வரும், விலையும் ஏறித்தான் இருக்கும்.

2000களில் நடுத்தர கிளப்கள் போட்டவை உங்களுக்குச் சரி. விலை குறைவு, போலி அடிக்கிறவர்களுக்கும் அவற்றில் லாபம் இல்லை. கார்டிஃப்பில் சாரிட்டி கடைகளும் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தைகளும் இருக்கின்றன, அங்கே கையில் தொட்டுப் பார்க்கலாம். ஆன்லைனில் வாங்குவதென்றால் 2006ல் மான்செஸ்டரில் தொடங்கிய கிளாசிக் ஃபுட்பால் ஷர்ட்ஸ் மாதிரி, ஒவ்வொரு ஜெர்சியின் குறையையும் எழுதி விற்கும் கடையில் முதலில் ஒன்று வாங்குங்கள். அசல் துணியும் லேபிளும் எப்படி இருக்கும் என்று கைக்குப் பழகிவிடும்.

கேள்வி: பழைய ஜெர்சியின் சைஸை எப்படி நம்புவது? துவைப்பது எப்படி? (மில்டன் கீன்ஸ் வாசகி)

பதில்: லேபிளில் உள்ள எழுத்தை நம்பாதீர்கள். எண்பதுகளில் உடம்போடு ஒட்டி இருக்கும், தொண்ணூறுகளில் தொளதொளவென்று தைத்தார்கள். அக்குளிலிருந்து அக்குள் வரை எத்தனை அங்குலம் என்று கேட்டு, உங்களிடம் உள்ள சட்டையோடு ஒப்பிடுங்கள். சிறுவர் சைஸைப் பெரியவர் "ஸ்மால்" என்று விற்பதும் நடக்கிறது.

உள்வெளியாகத் திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், முடிந்தால் கையால் துவையுங்கள். டிரையர் கூடவே கூடாது, அச்சின் மேல் அயர்ன் பெட்டி படக் கூடாது. நிழலில் காய வையுங்கள். மடித்து வைக்கும்போது ஸ்பான்சர் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று பட்டால் வெயில் காலத்தில் ஒட்டிக்கொள்ளும், நடுவில் டிஷ்யூ பேப்பர் வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவர் வேண்டாம். உள்ளே இருக்கும் லேபிள் உறுத்துகிறது என்று மட்டும் வெட்டிவிடாதீர்கள். விற்கப் போகும் அன்று வாங்குபவர் முதலில் கேட்பது அந்த லேபிளின் படத்தைத்தான்.