வலியே தெரியவில்லை என்று எழுதியவர் நீங்கள்தானே?

கேள்வி: எனக்கு வயது 28. தண்டையார்பேட்டையில் அம்மாவுடன் வசிக்கிறேன். தை மாதம் திருமணம். வயிற்றுக் கொழுப்பை எடுக்க லைப்போசக்ஷன் செய்துகொள்வதற்காக ஒரு கிளினிக்கில் முன்பணம் கட்டிவிட்டேன். இணையத்தில் 600 பேருக்கு மேல் பாராட்டி எழுதியிருக்கிறார்கள், 4.9 நட்சத்திரம். நானும் ஐந்து நட்சத்திரம் போட்டு, வரவேற்பில் இருந்த பெண் சொல்லச் சொல்ல, 'வலியே தெரியவில்லை' என்று எழுதினேன். 5,000 ரூபாய் குறைத்தார்கள். அம்மாவிடம் தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக்கொள்வேன். ஆனாலும் ஏதோ உறுத்துகிறது. விமர்சனங்களை நம்பலாமா?

பதில்: கத்தி உடம்பில் படுவதற்கு முன்பே வலியே தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்த நீங்கள், மற்றவர்கள் எழுதியதை நம்பலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள். அந்த 600 பேரில் எத்தனை பேர் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே பெண் சொல்லச் சொல்லக் கைப்பேசியில் தட்டினார்களோ, யார் கண்டது? உங்கள் சொல்லை நம்பி நாளை வியாசர்பாடியிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ ஒரு பெண் நகையை அடகு வைத்துவிட்டு அங்கே போய்ப் படுத்தால், அவளுக்கு நேர்வதில் உங்களுக்கும் பங்குண்டு. அது உங்களுக்கு உறைக்கவில்லை என்பதுதான் என் கோபம்.

காசிமேட்டில் மீன் வாங்கப் போகும் உங்கள் அம்மா, செவுளைத் தூக்கிப் பார்க்காமல், பக்கத்துக் கூடைக்காரி நல்ல மீன் என்றாள் என்பதற்காக ஒரு வஞ்சிரத்தையாவது வாங்கியிருப்பாரா? விலை கொடுத்து வாங்கிய விமர்சனத்தை வெளியிடக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஒரு தரத்தையே வகுத்தது. ஆனால் விரும்பியவர்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது வந்தது. உண்மையாகவே எழுதுகிறவர்களும் முதல் வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். லைப்போசக்ஷனில் வீக்கம் முழுதும் வடிந்து வயிற்றின் வடிவம் தெரிய மாதக்கணக்காகும். அதுவரை அவர்கள் பாராட்டுவது ஏசியையும், பணிப்பெண்ணின் கனிவான பேச்சையும்தான்.

கேட்க வேண்டியவை வேறு. அறுவை செய்யப்போகிறவரின் பெயரென்ன, மருத்துவ கவுன்சிலில் பதிவு உண்டா, எம்.எஸ். என்ற அறுவை சிகிச்சைப் பட்டம் முடித்தபின் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். என்ற மேற்பட்டமும் படித்தவரா, அல்லது குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவரா? மயக்க மருந்து கொடுப்பவர் கடைசிவரை அறையிலேயே இருப்பாரா? கொழுப்புத் துணுக்கு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்தாலோ, மரத்துப்போகச் செய்யும் மருந்தின் அளவு கூடி இதயம் தடுமாறினாலோ, எந்தப் பெரிய மருத்துவமனைக்கு, எத்தனை நிமிடத்தில் கொண்டுபோவார்கள்? 2016இல் இதே சென்னையில், முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவரே உயிரிழந்தார்.

அப்படி ஏதாவது ஆனால் கிளினிக்காரர்கள் தொலைபேசியில் அழைக்கப்போவது உங்கள் அம்மாவைத்தான். தோழி வீட்டில் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பவரை அப்படியொரு செய்தி சொல்லி எழுப்ப உங்களுக்கு உரிமை இல்லை. பெற்றவளுக்குத் தெரியாமல் மயக்க மருந்து ஏற்றிக்கொள்வதைத் துணிச்சல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். என் அகராதியில் அதற்குப் பெயர் வேறு.

இன்றைக்கே அந்த ஐந்து நட்சத்திரத்தை நீக்குங்கள். 5,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். முன்பணம் போனாலும் போகட்டும். பழைய வண்ணாரப்பேட்டையில், உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை இருக்கிறது. உங்கள் பணத்தில் கண் இல்லாத ஒரு மருத்துவர் அங்கே பார்த்துச் சொல்வார், இது உங்களுக்குத் தேவையா இல்லையா என்று. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள். வரிசையில் நிற்கும்போது மற்றதையெல்லாம் அவரிடம் சொல்லிவிடலாம்.