கேள்வி–பதில்: கிடப்பில் போன செயின்சா

கேள்வி: மாமனார் பயன்படுத்திய, மரம் அறுக்கும் பெட்ரோல் செயின்சா பல ஆண்டுகளாகக் கிடப்பில் இருக்கிறது. கயிற்றை எவ்வளவு இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. புதிய கார்புரேட்டர் போட்டால் சரியாகுமா?

பதில்: கார்புரேட்டருக்குப் பணம் கொடுப்பதற்கு முன், எஞ்சினுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதுவரை கயிற்றைத் தொட வேண்டாம். உள்ளே துரு ஏறியிருந்தால் ஒவ்வொரு இழுப்பும் சிலிண்டரைக் கீறும். ஸ்பார்க் பிளக்கையும் சைலன்சரையும் கழற்றிவிட்டு, புகை வெளியேறும் துளை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கவாட்டுப் பரப்பு தெரியும். அது வழவழப்பாக இருந்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக ரிங் மரக்குச்சியால் மெல்ல அழுத்தும்போது உள்வாங்கித் திரும்பினால், மேற்கொண்டு செலவு செய்யலாம். மேலிருந்து கீழாக ஆழமான கோடுகள் விழுந்திருந்தால், ஆயில் கலக்காத பெட்ரோலாலோ காற்றுக் கசிவாலோ சூடேறிப் பிடித்த எஞ்சினாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பிஸ்டனைக் கவனிக்காமல் வேறு எதைச் செய்தாலும் வீண்.

பிஸ்டன் நன்றாக இருந்தால், அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது பழைய பெட்ரோலைத்தான். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிவிட, மிச்சம் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கிறது. எத்தனால் கலந்திருந்தால் ஈரத்தையும் இழுத்து உலோகத்தை அரிக்கும். டேங்குக்குள் செல்லும் ரப்பர் டியூப்பை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரைத் திறந்து டயாஃப்ரம் எனும் மெல்லிய சவ்வையும் தொட்டுப் பாருங்கள்; துவளாமல் காய்ந்த சருகுபோல் மொடமொடத்தால் அது பெட்ரோலை இழுத்துத் தராது. டயாஃப்ரம், ஊசி வால்வு, கேஸ்கெட் அடங்கிய கிட் ஒன்றே பெரும்பாலும் போதும். மலிவான நகல் கார்புரேட்டரை வாங்குவதைவிடப் பழையதைச் சுத்தம் செய்து மாட்டுவதே மேல் என்பேன். துளைகளில் மட்டும் கம்பி விட்டுக் குத்தாதீர்கள்.

கேள்வி: டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலோடு புதியதைச் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. முழுவதும் வடித்துவிட்டு, டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்த புதிய பெட்ரோலை ஊற்றுங்கள். 50:1 (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில். 25:1 கேட்கும் பழைய இயந்திரத்துக்கு 40 மில்லி. கையேட்டில் உள்ள விகிதமே இறுதி.

கேள்வி: எஞ்சின் ஓடுகிறது, ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் நின்றுவிடுகிறது. கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்யலாமா?

பதில்: உடனே திருகாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர், காற்று ஃபில்டர், சைலன்சர் வாயில் கரி படியும் கம்பிவலை ஆகிய மூன்றையும் முதலில் சுத்தம் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலோ, எஞ்சினின் சுழலும் தண்டைச் சுற்றியுள்ள கிராங்க் சீலிலோ காற்றுக் கசிகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டிச் சோதியுங்கள். இந்த எஞ்சினுக்கு ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. ஆகவே பெட்ரோல் குறைந்தால் மசகும் குறைந்து, சூடு ஏறி, நல்ல பிஸ்டனும் பிடித்துக்கொள்ளும். சோதிக்க ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் செயினைச் சுழலாமல் நிறுத்தும் செயின் பிரேக்கைப் போட்டு, இயந்திரத்தைத் தரையில் வைத்து, பின்கைப்பிடியைக் காலால் அழுத்திக்கொண்டே கயிற்றை இழுங்கள்.