வளையல் அரிசி டின்னில், பழி மருமகள் மேல்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 72. ஒரு வருடமாகச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். வளையலை நான் எடுத்துவிட்டதாகச் சண்டை போட்டார். அது அரிசி டின்னில் கிடைத்தது. ஆனால் 1975இல் நடந்த தன் கல்யாணத்தில் யார் என்ன புடவை கட்டியிருந்தார்கள் என்பதுவரை சொல்கிறார். வயதானால் வரும் மறதிதான் என்கிறார் என் கணவர். இது அல்சைமரா? இனி எப்படிப் போகும்?

பதில்: உங்கள் கணவருக்கு ஆறுதல் தரும் அந்தக் கல்யாணக் கதைதான் எனக்குக் கவலை தருகிறது. அல்சைமர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில். பழைய நினைவுகள் மூளையின் மற்ற இடங்களில் எப்போதோ வேர்விட்டுவிட்டன. காலையில் சாப்பிட்ட இட்லியோ பதியவே இல்லை. பதியாததை எப்படி நினைவுபடுத்துவது? சாதாரண மறதி என்றால், “அரிசி டின்னில் இருந்தது” என்றதும் “அட, நான்தான் வைத்தேன்” என்று வந்துவிடும்.

வளையலை வைத்தது பதியவில்லை. ஆனால் கை வெறுமையாக இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் உள்ள இடைவெளியை மூளை தானே கதை கட்டி நிரப்பும். பக்கத்தில் இருப்பவர் திருடராகிவிடுவார். 1901இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில், இந்த நோய்க்குத் தன் பெயரைத் தந்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் பரிசோதித்த நோயாளி அகஸ்டே டீட்டருக்கும் கணவர் மேல் தீராத சந்தேகம் இருந்தது. எனவே வாதாடாதீர்கள். “வாருங்கள் அத்தை, சேர்ந்து தேடுவோம்” என்பது போதும்.

கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, காது மந்தம், சில தூக்க மாத்திரைகள், எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் கட்டிய ரத்தம் என எதுவும் இப்படிக் காட்டலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நீங்களும் கூடப் போங்கள். மருத்துவர் முன் பத்து நிமிடம் பலர் அழகாகப் பேசிவிடுவார்கள். நாள் முழுவதும் பார்ப்பவருக்குத்தான் உண்மை தெரியும்.

அல்சைமர்தான் என்றால், அது எல்லோரிடமும் ஒரே வேகத்தில் போவதில்லை. கண்டறிந்தபின் பலர் 4 முதல் 8 வருடங்கள் வாழ்கிறார்கள், சிலர் 20 வருடங்கள்கூட. தொடக்கத்தில் வரிசை குழம்பும்: ரசத்துக்குப் புளி கரைத்துவிட்டு அடுத்தது என்ன என்று நிற்பார். நடுக்கட்டம்தான் நீளமானது, வீட்டாரை வாட்டுவதும் அதுதான். குளிக்க மறுப்பார், மகனை அண்ணன் என்பார், சாயங்காலமானால் சொந்த வீட்டிலேயே “வீட்டுக்குப் போக வேண்டும்” என்று கிளம்புவார். வாசல் தாழ்ப்பாளையும் சமையல் கேஸையும் அப்போது நீங்கள்தான் கவனிக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் பேச்சு குறையும், விழுங்குவது சிரமமாகும். உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம்.

டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் கைகொடுக்கும், நோயை நிறுத்தாது. ஆனால் இரண்டே நாளில் திடீரெனக் குழம்பினால் அது அல்சைமரின் வேகம் அல்ல. சிறுநீர்த் தொற்றுகூடக் காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வங்கி, சொத்து விஷயங்களை அவரே யோசித்து முடிவெடுக்கக்கூடிய இப்போதே பேசி முடியுங்கள். அரிசி டின்னைத் தினமும் ஒருமுறை துழாவுங்கள். கொட்டுவதற்கு முன் குப்பைக்கூடையையும்.