முன்பணம் வாங்கிய நாளில் இருந்த எண்ணம் என்ன?

கேள்வி: பேர்ணாம்பட்டில் என் தம்பி ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் வைத்திருக்கிறான். சென்ற ஆண்டு ஆம்பூர் பார்ட்டி ஒருவர் 3 லட்சம் ரூபாய் அட்வான்ஸும் வெட்டிய தோலும் கொடுத்தார். பாதிச் சரக்கைக் கொடுத்த பிறகு ஆட்கள் நின்றுவிட்டதால் மீதியை முடிக்க முடியவில்லை. மோசடி என்று புகார் கொடுத்துவிட்டார்; காவல் நிலையத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று தம்பி சொன்னால் போதாதா?

பதில்: சொன்னால் மட்டும் போதாது. ஆனால் அந்த எண்ணம் இருந்தது என்று ஐயமற நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்குத்தான் உண்டு.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவின்படி, ஏமாற்றிப் பணத்தையோ பொருளையோ பெறும் குற்றத்துக்கு 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஒப்புக்கொண்ட வேலையை முடிக்கவில்லை என்பதே அந்தக் குற்றம் ஆகிவிடாது. பணத்தை வாங்கிய நேரத்திலேயே சரக்கைக் கொடுப்பதில்லை என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். 1860ஆம் ஆண்டின் பழைய தண்டனைச் சட்டத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. அவுரிச் செடி தருவதாக முன்பணம் வாங்கியவனுக்கு அப்போதே தரும் எண்ணம் இல்லையென்றால் அது மோசடி. தரும் எண்ணத்தோடு வாங்கிப் பிறகு தவறினால் அவன்மீது உரிமையியல் (சிவில்) வழக்கு மட்டுமே போடலாம். உச்ச நீதிமன்றமும் ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் இதையே வலியுறுத்தியது.

மனத்துக்குள் இருந்ததை யாரும் பார்த்திருக்க முடியாது என்பதால், முன்னும் பின்னும் நடந்தவற்றைக் கொண்டே நீதிமன்றம் அதை ஊகிக்கும். அந்த ஆர்டரை முடிக்கும் அளவுக்குத் தம்பியிடம் மெஷினும் ஆளும் இருந்தார்களா, தாங்க முடியாத அளவுக்கு அதே சமயத்தில் வேறு பார்ட்டிகளிடமும் அட்வான்ஸ் வாங்கினாரா, தாமதம் ஆனபோது தகவல் சொன்னாரா, போனை அணைத்துவிட்டுத் தலைமறைவானாரா என்பவையெல்லாம் கேட்கப்படும். பாதிச் சரக்கைக் கொடுத்ததற்கான டெலிவரி சலான்தான் அவருக்குப் பெரிய பலம். கூலி நோட்டு, வங்கிக் கணக்கு, வாட்ஸ்ஆப் செய்திகள் எதையும் அழித்துவிட வேண்டாம். அழித்தால் அதுவே கெட்ட எண்ணத்துக்கு அடையாளமாகக் காட்டப்படும்.

எனக்குப் பணத்தைவிடத் தோலைப் பற்றித்தான் கவலை. நீங்களோ அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது பார்ட்டியின் சொத்து, நம்பி ஒப்படைக்கப்பட்டது. நம்பிக்கை மோசடியைப் பற்றிய 316ஆவது பிரிவில் தொடக்கத்தில் நல்ல எண்ணம் இருந்தது என்ற வாதம் காப்பாற்றாது. பிற்பாடு நேர்மையற்ற எண்ணத்தோடு அதை விற்றாலோ சொந்தத்துக்குப் பயன்படுத்தினாலோ குற்றம்தான். ஆட்களுக்குப் பாக்கிக் கூலி கொடுக்கத்தான் விற்றேன் என்பதும் எடுபடாது. தோல் இன்னும் யூனிட்டில் இருந்தால், வழக்கறிஞர் மூலமாகக் கடிதம் அனுப்பி, கணக்கெடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விற்றிருந்தால் அதை முதலில் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நோட்டீஸுக்குத் தம்பி கட்டாயம் போகட்டும். அதற்குக் கீழ்ப்படிந்து நடப்பவரைக் கைது செய்ய வேண்டுமென்றால் காவல்துறை காரணத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். போகாமலிருப்பதே கைதுக்கு வழிவிடும். முடிக்காத வேலைக்கு உரிய பணத்தைப் பொறுத்தவரை, குற்ற வழக்கு நிற்காமல் போனாலும், பார்ட்டி உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்கலாம்; தவணை முறையில் பேசித் தீர்க்க முடியுமா என்று இப்போதே பாருங்கள்.