காதலில் இணையத் தொல்லை: அளப்பது எப்படி?

உளவியல் முதுகலை ஆய்வு செய்கிறேன். "உங்கள் காதலர் இணையத்தில் உங்களைத் துன்புறுத்தியதுண்டா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிடலாமா?

முடியாது. பாஸ்வேர்டு கேட்பதை அக்கறை என்று நம்புகிறவர் 'இல்லை' என்றுதான் எழுதுவார். நடந்த செயலைக் கேளுங்கள். சொல்லாமல் உங்கள் போனைத் திறந்து பார்த்தாரா? உங்கள் பெயரில் போலிக் கணக்கு தொடங்கினாரா? 2015இல் ஸ்பெயின் ஆய்வாளர் எரிகா பொர்ராஹோ குழுவினர் வெளியிட்ட 20 கூற்றுகள் கொண்ட வினாநிரல் இப்படித்தான் கேட்கிறது. மிரட்டல், அவமானப்படுத்தல் எல்லாம் நேரடித் தாக்குதல் என்று ஒரு பிரிவு. வேவும் கட்டுப்பாடும் இன்னொரு பிரிவு. நீங்கள் செய்தீர்களா, உங்களுக்கு நடந்ததா என்று இரு பக்கமும் கேட்கும். 'அடிக்கடி' என்றால் ஆளுக்கொரு கணக்கு இருக்கும் அல்லவா? அதனால் கடந்த ஓராண்டில் ஒன்றிரண்டு முறையா, 3 முதல் 10 முறையா என்று எண்ணிக்கையும் தருகிறது.

எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண் போடலாமா?

வேண்டாம். லாஸ்ட் சீனை இருபது முறை பார்த்ததும், அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று ஒரே ஒரு முறை மிரட்டியதும் ஒன்றல்ல. கூட்டினால் முதலாவதுதான் பெரிதாகத் தெரியும். பிரிவுகளைத் தனித்தனியே பாருங்கள். 'அப்போது பயந்தீர்களா?' என்றும் கேளுங்கள். எண்ணிக்கை அதைச் சொல்லாது.

அந்த ஸ்பெயின் வினாநிரலையே தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் அப்படியே அல்ல. ரகசியத்தை இணையத்தில் பரப்புவதாக மிரட்டுவது அதில் உண்டு. இங்கே வீட்டுக்குத் தெரியாமல் காதலிப்பவர்கள் நிறைய. "நம்ம சாட்டை உங்கப்பாவுக்கு அனுப்பிடுவேன்" என்ற ஒரு வரி போதும், பெண் நடுங்கிப்போவாள். இதைத் தனிக் கூற்றாகச் சேருங்கள். அப்புறம் சிலரிடம் கொடுத்து, என்ன புரிந்துகொண்டார்கள் என்று பேசிப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் போதுமா?

கூடவே கூடாது. யாருடைய போன் வேவு பார்க்கப்படுகிறதோ, அவரிடம்தான் இதைக் கேட்கிறீர்கள். அந்த லிங்க்கே அன்றைக்குச் சண்டைக்குக் காரணமாகலாம். தாளில் கொடுங்கள், தனியாக உட்காரவையுங்கள். இருவரும் பங்கேற்றால் வெவ்வேறு அறை, ஒருவர் பதில் மற்றவருக்குத் தெரியக் கூடாது.

என் காதலரே எந்நேரமும் லைவ் லொக்கேஷன் கேட்கிறார். எத்தனை மதிப்பெண் வந்தால் ஆபத்து?

அப்படி ஒரு எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள், தங்கையே. இவை ஆய்வுக்கான கருவிகள். 'முடியாது' என்று சொல்ல உங்களுக்குப் பயமாக இருந்தால் அதுவே போதுமான காரணம். 181 மகளிர் உதவி எண்ணில் பேசுங்கள். மிரட்டல் வந்திருந்தால் அழிக்காதீர்கள். தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.