வீட்டுக் கடன்: மதிப்பீட்டு அறிக்கை தாமதமாகாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி: மதுரையில் 1,200 சதுர அடி மனையில் உள்ள பழைய மாடி வீட்டை 60 லட்சம் ரூபாய்க்கு வாங்கக் கிரய ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். 60 நாள் கெடுவில் 25 நாள் கழிந்துவிட்டது. வங்கியில் கடனுக்கு விண்ணப்பித்து, உரிய கட்டணமும் செலுத்திவிட்டேன். வீட்டின் மதிப்பைக் கணக்கிட வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தபோது, குடியிருக்கும் வாடகைதாரர் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போயிருந்ததால் அவர் திரும்பிவிட்டார். மதிப்பீட்டாளரைத் தனியாகக் கவனித்தால் வேலை உடனே முடியும் என்கிறார் தரகர். நான் என்ன செய்வது?

பதில்: தரகர் சொல்லும் வழியை முதலில் மனதிலிருந்து அகற்றிவிடுங்கள். மதிப்பீட்டாளர் வங்கியின் பட்டியலில் இருப்பவர். தாம் கையெழுத்திடும் அறிக்கைக்கு வங்கியிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அவருக்கான கட்டணத்தை வங்கி சொல்லும் வழியில் மட்டும் செலுத்தி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் கைமாறினாலும், உங்கள் விண்ணப்பமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

தாமதம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. அளப்பது, படம் எடுப்பது போன்ற வேலைகள் சாதாரண வீட்டில் சீக்கிரமே முடிந்துவிடும். பத்திரம் ஒன்று சொல்ல, பட்டா வேறொன்று சொல்ல, தரையில் மூன்றாவதாக ஒன்று இருக்கும்போதுதான் அறிக்கை நின்றுபோகிறது. ஆகவே அவர் மறுபடி வருவதற்குள், இந்த மூன்றையும் நீங்களே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

பத்திரத்தின் சொத்து விவரத்தில் உள்ள நான்கு எல்லைகளை (‘நான்கு மால்’) எடுத்துக்கொண்டு, விற்பவருடன் வீட்டின் முன் நின்று படியுங்கள். “தென்வடல் ரோட்டுக்கு மேற்கு” என்று எழுதியிருந்தால், ரோடு வீட்டின் கிழக்கே இருக்கிறது என்று பொருள். பலர் இதை மாற்றிப் புரிந்துகொண்டு, இல்லாத குழப்பத்தை மதிப்பீட்டாளரிடம் உண்டாக்கிவிடுகிறார்கள். வடக்கே இன்னாருடைய காலிமனை என்று பழைய பத்திரத்தில் இருந்து, இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு நின்றால், அந்த மனை யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை விற்பவரால் சொல்ல முடிய வேண்டும். கிழமேல் 30 அடி, தென்வடல் 40 அடி என்று எழுதியிருந்தால் டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு அடி குறைந்தால்கூட அதை இப்போதே தெரிந்துகொள்வது, கடனுக்கு மட்டுமல்ல, நீங்கள் கொடுக்கும் விலைக்கும் நல்லது.

அடுத்தது எண்கள். மாநகரப் பகுதியில் பழைய பத்திரம் பழைய சர்வே எண்ணைச் சொல்லும்; நகர நில அளவைப் பதிவேடு வேறு எண்ணைச் சொல்லும். இரண்டும் ஒரே இடம்தான் என்பதைக் காட்டும் ஆவணத்துக்கு வட்டாட்சியர் அலுவலகத்தின் நில அளவைப் பிரிவை அணுக வேண்டியிருக்கும். நாள் பிடிக்கக்கூடிய வேலை என்பதால் இதை முதலில் தொடங்குங்கள். கதவு எண் மாறியிருந்தால், பழைய எண்ணும் புதிய எண்ணும் சேர்ந்து வரும் சொத்து வரி ரசீது இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். மின் கட்டண ரசீதில் உள்ள முகவரியையும் இவற்றோடு ஒப்பிடுங்கள்.

கட்டட அனுமதி வரைபடத்தில் இல்லாத அறை மாடியில் இருந்தால் மறைக்க வேண்டாம். அளக்கும்போது அது எப்படியும் தெரிந்துவிடும். அந்தப் பகுதியை வங்கி மதிப்பில் சேர்க்காமல் விடலாம். அது முன்பே தெரிந்தால் உங்கள் பணத்துக்கான திட்டத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

வருகைக்கான ஏற்பாடு எளிது. மதிப்பீட்டாளரின் தொலைபேசி எண்ணை வங்கிக் கிளை மூலம் பெற்று நேரம் குறித்துக்கொண்டு, வாடகைதாரருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அது அவர் குடியிருக்கும் வீடு, அவருக்கு வசதியான நேரத்தையும் கேட்பதுதான் முறை. மொட்டை மாடி உட்பட எல்லாக் கதவுகளுக்கும் சாவியோடு, எல்லைகளை அறிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். பத்திரம், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான பரிமாற்றங்களைக் காட்டுவது), வரைபடம், வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் கொடுங்கள். வழக்கறிஞரின் சட்டக் கருத்துக்கும் கோப்பு போய்விட்டதா என்று கிளையில் கேட்டு உறுதி செய்யுங்கள். மதிப்பீடும் சட்டக் கருத்தும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று கோப்பு காத்துக் கிடந்தால் நாள்கள் வீணாகும்.

வேகத்தைவிட எனக்குக் கவலை தருவது தொகை. ஒப்பந்த விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதைத்தான் வங்கிகள் பொதுவாகக் கணக்கில் எடுக்கின்றன. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பீடு 60 லட்சம் என்று வந்தால் 48 லட்சம் வரை கிடைக்கலாம். 52 லட்சம் என்று வந்தால் உச்சவரம்பே 41 லட்சத்து 60 ஆயிரம்தான். இடைவெளி 6 லட்சத்து 40 ஆயிரம். இதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். இந்த விலையுள்ள வீட்டுக்கு அந்தச் செலவைச் சொத்து மதிப்போடு சேர்த்துக் கடன் கணக்கிடுவதில்லை. நகைக் கடனோ தனிநபர் கடனோ வாங்கி இதை நிரப்பலாம் என்று எண்ணாதீர்கள். இரண்டு தவணைகளையும் ஒரே சம்பளம் தாங்க வேண்டும்.

மதிப்பீடு மிகக் குறைவாக வந்தால், அதே தெருவில் அண்மையில் பதிவான கிரயங்களை பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்துத் திரட்டி, மறுபரிசீலனை கேட்டு வங்கிக்கு எழுத்து மூலம் கொடுக்கலாம். ஆனால் பல கிரயங்கள் பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே பதிவாவதால், அவை உங்களுக்கு எதிராகவும் அமையக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இன்னும் 35 நாள் இருக்கிறது. கெடு முடியும் வரை காத்திராமல், கடன் நடைமுறையில் தாமதமானால் 30 நாள் கூடுதல் அவகாசம் என்றும், வங்கி கடனை மறுத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்றும் விற்பவரிடம் இந்த வாரமே பேசி, வழக்கறிஞர் மூலம் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். விற்பவர் இதற்கு மறுத்தால், மீதித் தொகையில் எதையும் அறிக்கை கைக்கு வரும் வரை அவரிடம் கொடுக்காதீர்கள்.