1950களில் அமெரிக்க டீனேஜ் ரசிகர்களுக்காக எடுத்த சின்ன பட்ஜெட் படங்கள் எப்படி லாபம் பார்த்தன?

மலிவாக எடுத்தார்கள், அதனால் லாபம் வந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், தியேட்டருக்கு யார் வருகிறார்கள் என்பதை அவர்கள் சரியாகக் கவனித்ததுதான் பெரிய விஷயம். வீட்டில் டிவி வந்த பிறகு பெரியவர்கள் படம் பார்க்கக் கிளம்புவது குறைந்துவிட்டது, ஆனால் காரும் கையில் கொஞ்சம் காசும் இருந்த பையன்களும் பெண்களும் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டர்களுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். பெரிய ஸ்டுடியோக்கள் அகலத்திரை, பிரம்மாண்டம் என்று டிவியோடு மல்லுக்கட்டிய நேரத்தில், ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்காஃபும் 1954இல் தொடங்கிய கம்பெனி இந்த இளசுகளுக்காகவே படம் எடுத்தது. அதுதான் பிறகு அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் ஆனது.

அவர்கள் போட்ட கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்போது ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டுவார்கள். முதல் படத்துக்கு வசூலில் பங்கு உண்டு, இரண்டாவது படத்துக்கு ஒரு சின்னத் தொகையைக் கையில் கொடுத்து முடித்துவிடுவார்கள், சின்னக் கம்பெனிகளின் படம் போய் மாட்டுவது அந்த இரண்டாவது இடத்தில்தான். இவர்கள் இரண்டு படத்தையும் தாங்களே தயாரித்து, ஜோடியாகத்தான் தருவோம் என்று நின்றார்கள். அப்படிச் செய்தால் மொத்த வசூலிலும் பங்கு கேட்கலாம் இல்லையா?

அப்புறம், தலைப்பும் போஸ்டரும்தான் முதலில், கதை பிறகு. 1957இல் வந்த 'ஐ வாஸ் எ டீனேஜ் வேர்வுல்ஃப்' என்ற பெயரே தியேட்டருக்கு ஆள் இழுத்தது. ஆனால் அதை வெறும் தலைப்பு வித்தை என்று ஒதுக்குவது நியாயமில்லை. மைக்கேல் லாண்டன் நடித்த அந்தக் கோபக்காரப் பையனைத் திருத்துகிறேன் என்று சொல்லி ஓநாய் மனிதனாக்குவதே ஒரு டாக்டர்தான். பெரியவர்களை நம்பமுடியாமல் தவித்த பிள்ளைகள் பக்கம் அந்தப் படம் நின்றது, அதனால்தான் அவர்கள் அதைத் தங்கள் படமாக எடுத்துக்கொண்டார்கள்.

செலவைச் சுருக்குவதில், இவர்களுக்குப் பல படங்கள் எடுத்துக் கொடுத்த இயக்குநர் ரோஜர் கார்மனை மிஞ்ச ஆளில்லை. 'எ பக்கெட் ஆஃப் பிளட்' ஐந்தே நாளில் முடிந்தது. 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' படத்தின் பெரும்பகுதியை, ஏற்கெனவே நின்ற செட்டைப் பிடித்து இரண்டு நாளில் எடுத்தார். சும்மா அவசரம் இல்லை அது. நடிகர்களுக்கு முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கேமராவை ஓட்டினார். பின்னாளில் பெரிய இயக்குநர்களான கப்போலா, ஸ்கோர்செசி எல்லாம் தொடக்கத்தில் இவரிடம் வேலை பார்த்தவர்கள்தான்.